அந்தமானில் பெரிய பாறை மீன்: எதைக் கொண்டுபோவது, எங்கே போவது, விட்ட மீன் பிழைக்குமா

கேள்வி: 4 ஜனவரி 2025

எல்லோருக்கும் வணக்கம். ஊர் கோயம்புத்தூர். ஏரியிலும் அணையிலும் விரால், கட்லா பிடித்த பழக்கம்தான், கடல் புதுசு. பிப்ரவரி கடைசியில் நாலு பேர் அந்தமான் போகிறோம். ஜி.டி. (ஜயன்ட் டிரெவல்லி) ஒன்றாவது பிடிக்க வேண்டும், முடிந்தால் மயில்மீனும் (செயில்ஃபிஷ்). ஜி.டி. உலக சாதனையே அந்தமானில்தான் என்று ஒரு நண்பர் சொன்னார், மயில்மீன் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுமாம். எங்களிடம் 30 பவுண்டு நூல் போட்ட ராடு இருக்கிறது. அவசரப்படாமல் ஒரு மணி நேரம் விளையாடவிட்டு, களைத்த பிறகு தூக்கலாம் என்று திட்டம். போதாதா? பிடித்ததை அங்கேயே சமைக்கலாமா? அனுபவம் உள்ள அண்ணன்மார் சொல்லுங்கள்.

5 ஜனவரி, காலை

போதாது தம்பி. ராடை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஜி.டி. என்று நீங்கள் சொல்வது நம் கடற்கரையில் பாறை என்று கூப்பிடுகிற இனத்திலேயே பெரியது. ஏரி மீன் மாதிரி திறந்த தண்ணீரில் ஓடிக் களைத்து வராது. பாரை, அதாவது கடலடிப் பவளத் திட்டை, ஒட்டியே வாழ்கிற மீன். பாப்பரை (தண்ணீர் மேல் தெறித்து ஓடுகிற செயற்கை இரை) அடித்த அடுத்த நொடி தலையைக் கீழே திருப்பி, பவளப் பாறைக்கு அடியில் போய் நுழையப் பார்க்கும். உங்களுக்குக் கிடைப்பது ஏழெட்டு நொடிதான், அதற்குள் அதன் தலையைத் திருப்பியாக வேண்டும். 30 பவுண்டு நூலில் திருப்ப முடியாது. நூல் பாரில் உரசி அறுந்துவிடும். மீன் வாயில் உங்கள் பாப்பரோடும் கூடவே ஒரு கோல் நீள லீடரோடும் (நூல் முனையில் கட்டுகிற தடித்த நூல்) சுற்றும். நமக்கு நஷ்டம் ஒரு பாப்பர், மீனுக்கு அதைவிடப் பெரிய நஷ்டம்.

நான் கொண்டுபோவது: எட்டடிக்குப் பக்கமான பாப்பிங் ராடு, 14000-க்கு மேல் அளவுள்ள ரீல், அதில் பி.இ. 8 பிரெய்டு (பின்னிய நூல், பி.இ. எண் கூடக் கூடத் தடிமன்), முன்னால் 150 பவுண்டுக்குக் குறையாத நைலான் லீடர். பாப்பர் 120 கிராமிலிருந்து 180 வரை. டிராக்கை (மீன் இழுக்கும்போது ரீல் நூலைத் தடுக்கிற பிடி), நூலை ராடில் ஓட்டி நுனியில் தராசு மாட்டி இழுத்துப் பார்த்து, 10 கிலோவுக்கு வைப்பேன். கையால் இழுத்துப் பார்த்து "இறுக்கமாத்தான் இருக்கு" என்று சொல்வதெல்லாம் இங்கே செல்லாது. வாங்க வேண்டியதில்லை, படகுக்காரர்களிடம் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் வாடகை ரீலில் நூலின் முதல் இருபது மீட்டரை விரலில் ஓட்டிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் அந்த நீளத்தை வெட்டிவிடச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள்.

ஒரு மணி நேரம் விளையாடவிடுவது பற்றித் தனியாக எழுதுகிறேன். அதுதான் எனக்கு முக்கியம்.

5 ஜனவரி, இரவு

சாதனை பற்றிச் சொல்ல மறந்தேன். அந்தமான் இல்லை. 2006-இல் ஜப்பானின் தெற்கே டோக்காரா தீவுகளில் பிடித்த 72.8 கிலோ மீன்தான் ஜி.டி. உலக சாதனை. அந்தமானில் 20, 30 கிலோ மீன் கிடைத்தாலே உங்கள் தோள்பட்டை ஒரு வாரம் அதை ஞாபகம் வைத்திருக்கும்.

இன்னொன்று. சாதனைக் கணக்கு வைக்கிற பன்னாட்டுச் சங்கத்தின் (1939-இல் தொடங்கியது) விதிப்படி மீன் மாட்டிய பிறகு வேறொருவர் ராடையோ ரீலையோ தொட்டால் அந்த மீன் கணக்கில் வராது. சாதனை நமக்கு வேண்டாம், ஆனாலும் இந்த விதி எனக்குப் பிடிக்கும். படகில் ஏறும் முன்பே நாலு பேரும் பேசிக்கொள்ளுங்கள்: மாட்டியவர்தான் கடைசி வரை. கை மாற்றிக் கை மாற்றி இழுத்தால் அந்த மாறுகிற நேரத்தில்தான் மீன் பாருக்குள் போகும்.

8 ஜனவரி

மயில்மீன் வேகம் பற்றிக் கீழே இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். 110 என்பது பழைய புத்தகங்களிலிருந்து ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய எண். மாட்டிய மீன் நூலை இழுத்துக்கொண்டு துள்ளும்போது ரீல் ஓடிய கணக்கிலிருந்து கிளம்பியது என்பார்கள். பிறகு அதன் தசை எவ்வளவு விரைவாகச் சுருங்கி விரியும் என்று அளந்து பார்த்ததில் நொடிக்குச் சுமார் 10 மீட்டருக்குள் என்றுதான் வந்தது, அதாவது மணிக்கு 36 கிலோமீட்டருக்குள். தண்ணீருக்குள் அதுவே பயங்கர வேகம். மயில்மீனின் திறமை ஓட்டத்தில் மட்டும் இல்லை, மூக்கில் இருக்கிறது. மத்திக் கூட்டத்துக்குள் அந்த ஈட்டியை மெல்ல நுழைத்து, சட்டென்று பக்கவாட்டில் வீசி அடிக்கும். செதில் பறக்கும். அடிபட்டு மயங்கிய மீனைத்தான் தின்னும்.

ஒரு முறை நேரில் பார்த்திருக்கிறேன். முதுகுத் துடுப்பு முழுக்க விரிந்து தண்ணீருக்கு மேலே நிற்கும்போது மயில் என்ற பெயரை வைத்தவர் யாராக இருந்தாலும் கடலில் நின்று பார்த்தவர்தான் என்று தோன்றியது. உற்சாகத்தில் உடம்பு நீலத்திலிருந்து செம்பு நிறத்துக்கு மாறி மாறி ஓடும், செத்துவிட்டால் சாம்பல்தான். சந்தையில் மட்டும் பார்த்தவர்களுக்கு அந்த நிறம் தெரியவே வாய்ப்பில்லை.

12 ஜனவரி

சாப்பிடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். சின்னப் பாறை தாராளமாகச் சாப்பிடலாம், நானும் பாறைக் குழம்பில் வளர்ந்தவன்தான். பெரிய ஜி.டி. வேண்டாம். வெப்பக் கடல்களில் பவளப் பாறையில் ஒட்டி வளர்கிற ஒரு நுண்ணுயிரின் நஞ்சு சின்ன மீனுக்குப் போய், அதைத் தின்கிற பெரிய மீனுக்குப் போய், மேலே போகப் போகச் சேர்ந்துகொண்டே இருக்கும். சிகுவாட்டெரா என்பார்கள். பார்வைக்கு, வாசனைக்கு, ருசிக்கு ஒன்றும் தெரியாது. வேகவைத்தாலும் வறுத்தாலும் போகாது. வந்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு, கைகால் மரத்துப்போவது, குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் சுடுகிற மாதிரி உணர்வு. ஹவாய்த் தீவுகளில் பெரிய ஜி.டி.யைத் தின்ன யோசிப்பார்கள், இதனால்தான். எல்லாக் கடலிலும் எல்லா மீனிலும் இருக்கும் என்று சொல்லவில்லை, ஆனால் வயதான மீனில் ஆபத்து கூடுதல்.

சாப்பிட வேண்டும் என்றால் சூரை பிடியுங்கள், வஞ்சிரம் பிடியுங்கள். ஆழம் குறைவான இடத்தில் செப்பிலியோ களவாயோ மாட்டினால் ராத்திரிக்குப் போதுமான ஒன்றிரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். களவாயில் ராட்சத இனம் ஒன்று இருக்கிறது, ஆள் எடைக்கு மேலே வளரும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இலேயே சேர்த்துவிட்டார்கள், புலியோடு ஒரே பட்டியல். அது மாட்டினால் தண்ணீரிலேயே வைத்து விட்டுவிட வேண்டும்.

13 ஜனவரி

நாகர்கோவில் அண்ணாச்சி கோபப்படுகிறார். "தின்னாத மீனை எதுக்குவே பிடிக்கணும், அதைப் போட்டு இழுத்து வதைச்சு திரும்ப விடுறது என்ன தர்மம்?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆகும். இப்போதைக்கு ஒன்று மட்டும்.

எங்கள் மாமா தூத்துக்குடியில் வள்ளத்தில் போனவர். கையில் தங்கூசி நூலைச் சுற்றிக்கொண்டு பாறை பிடிப்பார். ராடு கிடையாது, ரீல் கிடையாது. பெரிய பாறை இழுத்தால் நூல் விரல் இடுக்கில் இறங்கும். அவருடைய வலது கை ஆள்காட்டி விரலில் மூன்று தழும்பு ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருந்தது, சின்ன வயதில் நான் அதைத் தடவிக்கொண்டே தூங்கியிருக்கிறேன். நான் முதன்முதலில் அந்தமானில் மீனைப் பிடித்து விட்டேன் என்று அவரிடம் படம் காட்டியபோது ரொம்ப நேரம் பார்த்தார். "இது ஒரு வாரச் செலவுல்லா" என்றார். திட்டவில்லை. அந்த வார்த்தை எனக்குள்ளேயே கிடக்கிறது.

16 ஜனவரி

அண்ணாச்சிக்கு. யோசித்ததில் எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். விற்கப் பிடிக்கிறவருக்கு அந்த மீன் மேல் உரிமை இருக்கிறது, அவர் பிழைப்பு. குமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள் ஆயிரங்கால் தூண்டிலோடு (நீளக் கயிற்றில் வரிசையாகக் கொக்கி தொங்குவது) லட்சத்தீவையும் தாண்டிப் போய் வாரக்கணக்கில் கடலில் கிடந்து சூரையும் சுறாவும் கொண்டுவருகிறார்கள். அவர்களிடம் போய் மீனை விடச் சொல்ல எனக்கு வாய் வராது. நான் போவது ஆசைக்கு. ஆசைக்குப் போகிறவன் அந்த மீனுக்குச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: பிடித்த மீன் பிழைக்கும்படி நடந்துகொள்வது. அதை அரைகுறையாகச் செய்தால் உங்கள் கேள்வி சரிதான், எனக்குப் பதில் இல்லை. முழுக்கச் செய்தால் ஓரளவு பதில் இருக்கிறது. விட்ட மீன் எல்லாம் பிழைத்துக்கொள்ளும், பாறை கெட்டியான ஜாதி.

19 ஜனவரி

இடம், காலம் கேட்டிருந்தீர்கள்.

டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம், அதிலும் பிப்ரவரிக்கு மேல் கடல் தட்டு மாதிரி கிடக்கும். மே மாதம் மழைக்காற்று எழும்பிவிட்டால் அவ்வளவுதான். உங்கள் தேதி அருமை: சிவராத்திரி முடிந்து பிப்ரவரி 28 அமாவாசை. அமாவாசை, பௌர்ணமி ஒட்டி ஏற்றவற்றம் அதிகம், நீவாடு, அதாவது நீரோட்டம், வலுவாக ஓடும். ஜி.டி.க்கு நீவாடு வேண்டும். பாரின் முனையில் தண்ணீர் மோதிச் சுழிக்கிற இடத்தில், நீரோட்டத்துக்கு எதிர்முகமாகக் காத்திருக்கும், அடித்துக்கொண்டு வருகிற சின்ன மீன் தடுமாறும்போது பாயும். நீவாடு நின்றால் நாள் முழுக்க வீசினாலும் ஒன்றும் இல்லை, அந்த நேரத்தில் சாப்பிட்டுப் படுங்கள். இன்னொரு விஷயம், அங்கேயும் நம் கடிகாரம்தான், ஆனால் தீவு அவ்வளவு கிழக்கே இருக்கிறது. பிப்ரவரியில் சாயங்காலம் ஐந்தரைக்கே பொழுது சாய்ந்துவிடும். விடிகாலை கிளம்புங்கள்.

போர்ட் பிளேரைச் சுற்றியுள்ள பவளப் பார்களே புதியவர்களுக்குப் போதும். தென்கிழக்கே கடலுக்கடியில் மேடாகக் கிடக்கிற இன்விசிபிள் பேங்க், வடகிழக்கே பாரன் தீவு இரண்டும் பெரிய மீனுக்குப் பேர் போனவை. பாரன் தீவு இந்தியாவில் இன்னும் உயிரோடு இருக்கிற ஒரே எரிமலை. ஒன்றரை நூற்றாண்டு தூங்கி 1991-இல் மறுபடி விழித்தது. கிட்டத்தட்ட 140 கிலோமீட்டர் தொலைவு, ஒரே நாளில் போய்த் திரும்புகிற ஆசை வேண்டாம். படகிலேயே தங்குகிற பயணமாக, நல்ல படகாக இருந்தால் போங்கள்.

போகக்கூடாத இடம்: வண்டூர்ப் பக்கம் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா (1983-இல் அறிவித்தது), ராணி ஜான்சி கடல் தேசியப் பூங்கா (1996). இரண்டிலும் தூண்டில் போடக்கூடாது. பழங்குடிக் காப்புப் பகுதிகள் எதற்குள்ளும் போகக்கூடாது. வட சென்டினல் தீவைச் சுற்றி ஐந்து கடல் மைல், அதாவது ஒன்பது கிலோமீட்டருக்குமேல், நெருங்கவே தடை. 2006-இல் இரவில் படகு அந்தக் கரைக்கு ஒதுங்கிப்போய் இரண்டு மீனவர்கள் உயிரிழந்தார்கள். "அங்கே மீன் நிறைய, நான் கூட்டிப்போகிறேன்" என்று யாராவது சொன்னால் அந்தப் படகில் ஏறாதீர்கள். தடை அந்தத் தீவு மக்களின் உயிருக்காகவும்தான், நம்மிடமிருந்து போகிற சாதாரணச் சளி அவர்களை அழித்துவிடும்.

20 ஜனவரி

விமானச் சீட்டில் "ஸ்ரீ விஜயபுரம்" என்று போட்டிருக்கிறதே என்று பயந்தவருக்கு: போர்ட் பிளேர்தான். 2024 செப்டம்பரில் பெயர் மாற்றினார்கள். ஹேவ்லாக், சுவராஜ் தீவு ஆகிவிட்டது. படகுக்காரர்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. தமிழும் வருகிறது, கவலை வேண்டாம்.

26 ஜனவரி

முடிச்சு பற்றி இரண்டு பேர் தனியாகக் கேட்டீர்கள், எல்லோருக்குமாக எழுதுகிறேன். பிரெய்டையும் லீடரையும் சேர்க்க எஃப்.ஜி. முடிச்சு. இது வழிகாட்டி வளையங்களில் தட்டாமல் வழுக்கிப் போகும், வலுவும் குறையாது.

பிரெய்டை விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும், ராடு முனையிலிருந்து கட்டி வாயில் நுனியைக் கடித்துக்கொள்வார்கள் பலர். அந்த விறைத்த நூலின் மேல் லீடரை வைத்து ஒரு தடவை மேலிருந்து, ஒரு தடவை கீழிருந்து, மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும், பக்கத்துக்குப் பத்தாக இருபது சுற்று. எங்கள் மாமி கனகாம்பரம் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன், காம்பை நாரில் இப்படிப் போட்டு அப்படி மாற்றுவார். அதே கை அசைவுதான். அதனாலோ என்னவோ எனக்கு இது சீக்கிரம் வந்தது. சுற்றி முடித்ததும் ஒரு அரை முடிச்சு, எச்சில் தொட்டு ஈரமாக்கி, கையுறை போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் முழு பலத்தோடு இழுங்கள். பச்சைப் பிரெய்டு கரும்பச்சையாக நிறம் மாறும். அந்த நிற மாற்றம்தான் அடையாளம், அதுவரை இறுகவில்லை. மாறிய பிறகு லீடர் நுனியை ஒட்ட வெட்டி, மேலே ஏழெட்டு அரை முடிச்சு போட்டு முடியுங்கள்.

வீட்டிலேயே ஐம்பது தடவை கட்டிப் பழகுங்கள். ஆடுகிற படகில் வியர்வைக் கையோடு கற்றுக்கொள்ள முடியாது.

கொக்கி: பாப்பரோடு வருகிற மும்முனைக் கொக்கியைக் கழற்றிவிட்டு ஒற்றைக் கொக்கி மாட்டுங்கள், அதன் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். நண்பன் ஒருவனுக்கு, மீன் வாயிலிருந்து கழற்றும்போது அது தலையை உதறி, கொக்கி உள்ளங்கையில் ஏறிவிட்டது. முள் நசுக்கியிருந்ததால் வந்த வழியே வழுக்கி வெளியே வந்தது, ஊசி போட்டுக்கொண்டு மறுநாளும் வீசினான். நசுக்காமல் இருந்திருந்தால் கரைக்குத் திரும்பும்வரை மூன்று மணி நேரம் அந்தப் பாப்பர் கையிலேயே தொங்கியிருக்கும்.

2 பிப்ரவரி

"விட்ட மீன் எல்லாம் பிழைத்துக்கொள்ளும் என்று 16-ஆம் தேதி எழுதினீர்களே, எப்படித் தெரியும்?" என்று மதுரைத் தோழி கேட்டிருக்கிறார்.

எனக்குத் தெரியாது. அப்படி எழுதியிருக்கக்கூடாது. பிழைக்காத மீனை நானே பார்த்திருக்கிறேன், பார்த்தும் அப்படி எழுதினேன்.

இரண்டாவது தடவை அந்தமான் போனபோது. மத்தியானம், பெரிய ராடைப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, கை வலிக்கிறதே என்று லேசான ராடை எடுத்து வீசிக்கொண்டிருந்தேன், பி.இ. 4 நூல். பாரை விட்டுக் கொஞ்சம் தள்ளி ஆழத்தில் இருந்ததால் மீன் மாட்டியும் நூல் அறுபடவில்லை. அறுந்திருந்தால் நல்லது. முப்பது நிமிடத்துக்கு மேல் இழுத்தேன். படகில் எல்லோரும் கத்துகிறார்கள், எனக்கு உலகமே அந்த நூல் நுனியில் இருந்தது. பக்கத்தில் வந்தபோதே மீன் சாய்ந்துதான் வந்தது. முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும்.

தூக்கிப் படகுக்குள் போட்டோம். ஃபைபர் தளம், உச்சி வெயில், காலை வைத்தால் பொசுக்குகிறது. படம் எடுத்தோம். நான் தனியாக, பிறகு நண்பனோடு, பிறகு எல்லோரும் சேர்ந்து. ஒருவன் கைப்பேசியில் இடமில்லை, பழைய படங்களை அழிக்கிறான். மீன் வாயைத் திறந்து மூடுகிறது. அந்தப் படங்களில் நேரம் பதிந்திருக்கிறது, பிறகு பார்த்தேன், முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் ஆறு நிமிடம்.

தண்ணீரில் இறக்கி வாலைப் பிடித்துக்கொண்டேன். செவுள் மெதுவாக அசைந்தது. அசைகிறதே, போதும் என்று விட்டேன். அது நீந்தவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து, வெள்ளி வயிறு மேலே தெரிய, ஒரு தட்டு அமிழ்வது போல இறங்கியது. அந்தமான் தண்ணீர் கண்ணாடி, ரொம்ப ஆழம் வரை தெரிகிறது. சின்னதாகி, நீலமாகி, ஒரு புள்ளியாகும் வரை பார்த்தேன். படகோட்டி மாயாபந்தர்ப் பக்கத்துக் கரேன் இன மனிதர், அவருடைய முன்னோர்கள் 1925-இல் பர்மாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாளியில் தண்ணீர் மொண்டு தளத்தைக் கழுவினார். மீன் கிடந்த இடத்தில் அதன் வழுவழுப்பு வெயிலில் காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது, அதில் எங்கள் கைத்தடங்கள். தேய்த்துத்தான் எடுக்க முடிந்தது.

அந்த வழுவழுப்புதான் மீனுக்குத் தோல் காப்பு. அதை நாங்கள் தளத்தில் விட்டுவிட்டு மீனைக் கடலில் போட்டோம்.

மாமா சொன்ன ஒரு வாரச் செலவு அது. யாருக்கும் சோறாகாமல் போனது. அண்ணாச்சி கேட்டது இதைத்தான்.

3 பிப்ரவரி

நேற்று எழுதிவிட்டு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. தம்பியின் ஒரு மணி நேரத் திட்டத்துக்கு இப்போது பதில் சொல்கிறேன்.

நெடுநேரம் இழுத்தால் மீனின் தசையில் அமிலம் ஏறும், ரத்தத்தில் உயிர்வாயு தீரும். வெப்பக் கடலில் இன்னும் மோசம், சூடான தண்ணீரில் கரைந்த உயிர்வாயு குறைவு. மாரத்தான் ஓடி முடித்தவன் தலையைப் பையால் மூடுவது போலத்தான் அந்தப் படம் எடுக்கும் நேரம். கனமான நூலும் இறுக்கிய டிராக்கும் நம் வீரத்துக்காக இல்லை, மீனைப் பத்து நிமிடத்துக்குள் கொண்டுவந்து பலத்தோடு திருப்பி அனுப்பத்தான்.

இப்போது நான் செய்வது. மீன் பக்கத்தில் வரும் முன்பே கேமரா யார் கையில், எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவாகியிருக்கும். கழற்றும் குறடு இடுப்பில். கொக்கியைத் தண்ணீரிலேயே கழற்றுவேன். தூக்கினால் ஈரக் கையால், ஒரு கை வால் மூட்டில், ஒரு கை வயிற்றுக்கு அடியில், செவுளுக்குள் விரல் விடுவதில்லை. தூக்கும்போது நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். எனக்கு முட்டினால் மீனுக்கும் முட்டுகிறது, உடனே இறக்கிவிடுவேன். இறக்கியதும் படகை மெதுவாக முன்னால் நகர்த்தச் சொல்லி, வாயில் தண்ணீர் புகுந்து செவுள் வழியாகப் போகும்படி தலையை முன்னோக்கிப் பிடித்துக்கொள்வேன். அது வாலை அடித்து என் பிடியை உதற வேண்டும். அதுவாக உதறும் வரை விடுவதில்லை, பத்து நிமிடமானாலும். சுறா சுற்றினால் மட்டும் விதிவிலக்கு, அப்போது இடம் மாற்றிவிட்டுத்தான் அடுத்த வீச்சு.

இப்படிச் செய்தும் எல்லாம் பிழைக்கும் என்று சொல்லமாட்டேன்.

9 பிப்ரவரி

மயில்மீனுக்கு: உயிர் இரையோ செத்த இரையோ வைத்தால் வட்டக் கொக்கி (நுனி உள்நோக்கி வளைந்தது) மட்டும். சாதாரணக் கொக்கி விழுங்கப்பட்டு வயிற்றில் மாட்டும், வட்டக் கொக்கி வெளியே வழுக்கி வாய் ஓரத்தில் மாட்டும். அமெரிக்காவில் அட்லாண்டிக் பக்கம் மயில்மீன், மார்லின் போட்டிகளில் 2008-லிருந்து இயற்கை இரைக்கு இதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். மாட்டியதும் ராடைச் சுண்டி இழுக்கக்கூடாது, மீன் திரும்பி ஓடும்போது நூல் தானாக இறுகட்டும். விரால் பிடித்த கைக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம், சுண்டத்தான் வரும்.

மயில்மீனைப் படகுக்குள் ஏற்றவே வேண்டாம். மூக்கைக் கையுறைக் கையால் பிடித்து, படகோடு தண்ணீரில் வைத்தே படம்.

சூரை பிடித்துச் சாப்பிடப்போகிறவர்களுக்கு: சூரையின் ரத்தம் சூடு. இழுபறியில் இன்னும் ஏறும், அப்படியே போட்டால் சதை வெந்தது போல வெளிறிப் புளிக்கும். கைத்துடுப்புக்குப் பின்னால் மூன்று விரல் தள்ளிக் கத்தியை இறக்கி ரத்தம் வடியவிட்டு, உடனே ஐஸும் கடல்நீரும் கலந்த பெட்டியில். சாப்பிட எடுத்த மீனுக்கும் அந்த மரியாதை உண்டு.

10 பிப்ரவரி

வாழைப்பழக் கேள்வி கேட்டவருக்கு: ஆமாம், வெளிநாட்டுப் படகுக்காரர்கள் பலர் வாழைப்பழத்தை ஏற்றவே விடமாட்டார்கள், மீன் படாது என்று நம்பிக்கை. மாமாவிடம் சொன்னேன். "நாங்க புது வள்ளத்தையே பழம் வச்சுத்தாம்ல கடல்ல இறக்குவோம்" என்று அரை மணி நேரம் சிரித்தார். காலையில் இரண்டு பழம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். உப்புப் போட்ட நீராகாரம் ஒரு பாட்டில், தலைசுற்றல் மாத்திரை முந்தின இரவே.

22 பிப்ரவரி

தம்பி, முடிச்சுப் படம் பார்த்தேன். மூன்றாவது படத்தில் பிரெய்டு இன்னும் இளம்பச்சை. இழுங்கள்.

நூறு வீச்சுக்கு ஒன்றும் வராது, நூற்றி ஒன்றாவதில் தண்ணீர் வெடிக்கும், அப்போது கண் அசந்திருக்கக்கூடாது. பாப்பருக்குப் பின்னால் நிழல் தெரிந்தால் நிறுத்தாதீர்கள், அதே வேகம். சீஷெல்ஸில் தாழப் பறக்கிற கடற்பறவையைத் தண்ணீரிலிருந்து எம்பிப் பிடிக்கிற மீன் இது, உங்கள் பாப்பர் அதற்கு வேகமே இல்லை.

6 மார்ச்

தம்பியின் நீண்ட பதிலைப் படித்தேன். மூன்று நாளில் நாலு பேருக்குமாக மீன் பாப்பரை அடித்தது ஐந்து தடவை, கிடைத்தது இரண்டு மீன். ஒன்று பாரில் உரசிப் போய்விட்டது, இரண்டு மாட்டவேயில்லை. இது நல்ல கணக்கு, குறை நினைக்க வேண்டாம்.

பெரியது 26 கிலோ இருக்கும் என்று படகோட்டி சொன்னாராம், தராசில் தொங்கவிட வேண்டாம் என்று இவர்களே சொல்லிவிட்டார்கள். படத்தை இரண்டு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். தம்பி முகம் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது, பின்னால் நிற்பவர் கண்ணை மூடியிருக்கிறார். மீன் வாலிலிருந்து தண்ணீர் இன்னும் கோடாக ஊற்றிக்கொண்டிருக்கிறது. அதாவது தூக்கின அந்த நொடி. வேறு படம் இல்லை, ஒன்றுதான். விட்டபோது அது வாலால் அடித்ததில் நாலு பேரும் நனைந்துவிட்டார்களாம். இதை அப்படியே மாமாவுக்கு அனுப்பினேன். "வால் நல்லா வீசுதா?" என்று மட்டும் கேட்டார். வீசியது என்றேன்.

ரீல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நன்னீரில் கழுவும் முன் டிராக்கை முழுக்க இறுக்குங்கள், உள்ளே தண்ணீர் போகாது. பீய்ச்சி அடிக்காமல் மெல்ல ஊற்றுங்கள். நிழலில் காய்ந்த பிறகு டிராக்கைத் தளர்த்திவிட்டு வையுங்கள், இறுக்கியே வைத்தால் உள்வட்டு ஒட்டிக்கொள்ளும். கொக்கிகளைத் தனியாகக் காயவையுங்கள்.